"இவன்தான்"னு முதல்ல எப்ப சொன்னீங்க? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

போன இதழ்ல ஒரு வழிப்பறி கேஸ் விடுதலையானதைப் பத்தி எழுதும்போது, "நேர்ல பாத்த சாட்சி கோர்ட்ல கை காட்டிட்டாருங்கிறதுக்காக மட்டும் ஒருத்தரை உள்ள தள்ளக்கூடாது, அந்தச் சாட்சி முதல்முதல்ல எப்படி அடையாளம் காட்டினாருன்னு பாக்கணும்"னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதம். பாதி பேர் சந்தேகம் கேட்டிருக்காங்க, மீதி பேர் திட்டியிருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான், சொத்துத் தகராறு கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

வக்கீல் சார், எங்க அம்மாவுக்கு 61 வயசு. கோயிலுக்குப் போயிட்டு வரும்போது பைக்ல வந்த ரெண்டு பேர் செயினை அறுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து செல்போன்ல ஒரே ஒரு போட்டோ காட்டி "இவன்தானேம்மா?"னு கேட்டாரு, அம்மா "அவன் மாதிரிதான் இருக்கு"ன்னு சொன்னாங்க. இப்ப ஜெயில்ல அடையாள அணிவகுப்புக்கு வரச்சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்ல இருந்து சம்மன் வந்திருக்கு. அம்மா பயப்படுறாங்க. என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஜெயில் வளாகத்துக்குள்ள மாஜிஸ்திரேட் இருப்பாரு, கேஸ் விசாரிக்கிற போலீஸ் அங்க இருக்கக்கூடாது. சந்தேகப்படுற ஆளை, கேஸுக்குச் சம்பந்தமில்லாத, கிட்டத்தட்ட அதே வயசு, உடம்புவாகு, நிறம் இருக்கிற ஆட்களோட கலந்து வரிசையா நிக்க வச்சிருப்பாங்க. எந்த இடத்துல நிக்கணும்னு அந்த ஆளே முடிவு பண்ணிக்கலாம், சட்டையைக்கூட மாத்திக்கலாம், முகத்துல தழும்பு இருந்தா மத்தவங்களுக்கும் அதே இடத்துல பேப்பர் ஒட்டுவாங்க. பொதுவா ஒரு தடவையோட விடமாட்டாங்க, வரிசையைக் கலைச்சு மாத்தி மறுபடியும் கூப்பிடுவாங்க. ஒவ்வொண்ணையும் மாஜிஸ்திரேட் எழுதிக்குவாரு.

முக்கியமான விஷயம் அந்த செல்போன் போட்டோ. வரிசையில ஒரு முகத்தைப் பாத்ததும் அம்மாவுக்கு "இதைப் பாத்திருக்கேனே"ன்னு ஒரு பொறி தட்டும் பாருங்க, அது பைக்ல பாத்த முகமா, போன்ல பாத்த முகமான்னு அம்மாவாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. ஆஸ்திரேலியாவுல 1970கள்ல டொனால்ட் தாம்ஸன்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தாரு, அவரையே ஒரு பலாத்கார கேஸ்ல பாதிக்கப்பட்ட பெண் அடையாளம் காட்டிட்டாங்க. ஆனா சம்பவம் நடந்த நேரத்துல அவரு டிவில நேரடி ஒளிபரப்புல உக்காந்து பேசிட்டு இருந்தாரு. விஷயம் என்னன்னா, அந்த ஆள் வீட்டுக்குள்ள புகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பெண் பாத்துட்டிருந்தது இவரோட அந்த நிகழ்ச்சியைத்தான். டிவில பாத்த முகம் போய் குற்றவாளி முகத்துல ஒட்டிக்கிச்சு. அவரு ஆராய்ச்சி பண்ணதே ஞாபகத்தைப் பத்தித்தான், அதுதான் கொடுமை.

அதனால அணிவகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாஜிஸ்திரேட் கிட்ட "ஐயா, எனக்கு ஏற்கனவே போன்ல ஒரு போட்டோ காட்டினாங்க, அப்ப நான் அவன் மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன்"னு அம்மா அப்படியே சொல்லிடணும். இதைச் சொன்னா கேஸ் கெட்டுடும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. மறைச்சா ரெண்டு வருஷம் கழிச்சு குறுக்கு விசாரணையில வெளிய வரும், அப்ப அம்மா சொன்ன உண்மையும் சேந்து அடிபடும். இன்னொண்ணு, வரிசையில யாரையுமே அடையாளம் தெரியலைன்னா "தெரியல"ன்னு சொல்லலாம், அதுவும் ஒரு பதில்தான். யாரையாவது காட்டித்தான் ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

எஸ்.ஐ. வேணும்னே சதி பண்ணாருன்னு நான் சொல்லல. அவருக்கு மேலதிகாரி நெருக்கடி, கையில ஒரு பழைய குற்றவாளி சிக்கியிருக்கான், சரியான ஆள்தானான்னு அவசரமா தெரிஞ்சுக்கணும். ஆனா ஒரே போட்டோவைக் காட்டி "இவன்தானே"ன்னு கேட்டா, கேள்வியிலேயே பதிலும் இருக்கே.

கத்தியைக் கழுத்துல வச்சவன் முகத்தைப் பக்கத்துல பாத்த பொண்ணு பொய் சொல்லுமா? பாதிக்கப்பட்டவங்களைப் பொய்யராக்குறதுதான் உங்க தொழிலா?
– ஆர். எம்., சேலம்

உங்க கோவம் புரியுது. ஆனா நான் பொய்னு சொல்லவே இல்ல. பொய் சொல்றவங்களைக் குறுக்கு விசாரணையில புடிச்சிடலாம், ஏதாவது ஒரு இடத்துல உளறுவாங்க. உண்மையிலேயே நம்பித் தப்பா சொல்றவங்களைத்தான் புடிக்க முடியாது. ஒரு கேஸ் சொல்றேன், கொஞ்சம் நீளம்தான், படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

1984 ஜூலை, அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம், பர்லிங்டன்னு ஒரு ஊர். ஜெனிஃபர் தாம்ப்சனுக்கு 22 வயசு, காலேஜ்ல படிக்கிறாங்க. ராத்திரி தூங்கிட்டு இருக்கும்போது வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்து கழுத்துல கத்தியை வச்சு பலாத்காரம் பண்ணிட்டான். அந்த நிலைமையிலயும் அவங்க என்ன பண்ணாங்கன்னா, உயிரோட தப்பிச்சா இவனை உள்ள தள்ளியே ஆகணும்னு அவன் முகத்தை மனசுல குறிச்சுக்கிட்டே இருந்தாங்க, இதைப் பின்னாடி அவங்களே பல மேடையில சொல்லியிருக்காங்க. நீங்க சொல்ற "பக்கத்துல பாத்த பொண்ணு"க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

போலீஸ் ஆறு போட்டோ காட்டினாங்க. அவங்க உடனே எடுத்துடல, சில நிமிஷம் ஒவ்வொண்ணா பாத்து, கழிச்சு, கடைசியில ரொனால்ட் காட்டன்னு ஒரு கறுப்பின இளைஞர் படத்தை எடுத்தாங்க. "சரியா சொல்லிட்டேனா?"ன்னு கேட்டதுக்கு போலீஸ்காரங்க நல்லா பண்ணீங்கன்னு தைரியம் சொன்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நேர்ல ஏழு பேரை நிறுத்தினாங்க. அப்பவும் ரெண்டு பேருக்கு நடுவுல தடுமாறி, அப்புறம் காட்டனைக் காட்டினாங்க. போட்டோவுல நீங்க காட்டினதும் இவரைத்தான்னு போலீஸ் சொன்னாங்க. இங்கதான் கவனிக்கணும், போட்டோவுலயும் இருந்து நேர்லயும் நின்ன ஒரே ஆள் காட்டன்தான், மத்த ஆறு பேரும் புதுசு. அப்ப அவங்க ஞாபகத்துல இருந்து அடையாளம் காட்டினது சம்பவத்தன்னிக்குப் பாத்தவனையா, போட்டோவுல பாத்தவரையா?

1985 ஜனவரியில கோர்ட்ல ஏறும்போது தடுமாற்றம் எல்லாம் காணோம், நூத்துக்கு நூறு இவர்தான்னு சொன்னாங்க. காட்டன் வேற அன்னிக்கு எங்க இருந்தேன்னு கேட்டப்ப வாரத்தை மாத்திச் சொல்லி மாட்டிக்கிட்டாரு. ஆயுள் தண்டனை. ஜெயில்ல பாபி பூல்னு ஒருத்தனைப் பாக்குறாரு, அந்த ஊர்க்காரன், பாக்க இவரை மாதிரியே இருப்பான், அதே மாதிரி குற்றத்துக்குத்தான் உள்ள வந்திருக்கான், "அதைப் பண்ணது நான்தான்"னு மத்த கைதிங்க கிட்ட பீத்திக்கிட்டதா பேச்சு. அப்பீல்ல மறுவிசாரணை கிடைச்சு 1987ல அந்தப் பூலையே கோர்ட்டுக்குள்ள கொண்டுவந்து ஜெனிஃபர் முன்னாடி நிறுத்தினாங்க. அதாவது உண்மையான குற்றவாளியை, நேருக்கு நேர். அவங்க பாத்துட்டு, இவனை நான் பாத்ததே இல்லன்னுட்டாங்க. காட்டனுக்கு மறுபடியும் ஆயுள், கூடவே 54 வருஷம்.

அப்புறம் அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மேல நடந்த கொலை வழக்கை டிவில பாத்துதான் டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்குன்னே காட்டனுக்குத் தெரிஞ்சது. 1995ல பரிசோதனை பண்ணாங்க, காட்டன் இல்ல, பூல். பத்தரை வருஷம் ஜெயில் முடிஞ்சு வெளிய வந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஜெனிஃபர் அவரை நேர்ல பாத்து மன்னிப்பு கேட்டாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்தே ஊர் ஊரா போய் இதைப் பத்திப் பேசுறாங்க.

இப்ப சொல்லுங்க, இதுல பொய் சொன்னது யாரு? யாருமே இல்ல. அமெரிக்காவுல டி.என்.ஏ. மூலமா நிரபராதின்னு நிரூபிச்சு வெளிய கொண்டுவந்த கேஸ்கள்ல சுமார் 70 சதவீதத்துல தப்பான நேரடி அடையாளம் ஒரு காரணமா இருந்திருக்குன்னு இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் அமைப்போட கணக்கு சொல்லுது. அது அந்த நாட்டுக் கணக்கு, அதை அப்படியே நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வரமுடியாது. ஆனா மனுஷ மூளை ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதானே.

உயிர் பயத்துல பாத்தது சாகுற வரைக்கும் மறக்காதுன்னு சொல்வாங்களே?
– கே. வி., மன்னார்குடி

சம்பவம் மறக்காது. முகம் வேற விஷயம். அமெரிக்க ராணுவத்துல எதிரி கையில சிக்கினா எப்படித் தாங்கணும்னு ஒரு பயிற்சி உண்டு, சாப்பாடு தூக்கம் இல்லாம போட்டு வாட்டி அப்புறம் விசாரிப்பாங்க. அதுல 500க்கு மேல வீரர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2004ல வெளியிட்டாங்க. அரைமணி நேரத்துக்கு மேல வெளிச்சத்துல நேருக்கு நேர் உக்காந்து விசாரிச்ச ஆளை, பயிற்சி முடிஞ்ச அடுத்த நாள் வரிசையில காட்டச் சொன்னா, அடி உதையோட கடுமையா விசாரிக்கப்பட்டவங்கள்ல சரியா சொன்னது 30 சதவீதம், அடி இல்லாம சாதாரணமா விசாரிக்கப்பட்டவங்கள்ல 62. பயந்தா நல்லா பதியும்ங்கிறது இங்க தலைகீழா போச்சு. இவங்க எல்லாம் பயிற்சி எடுத்த ராணுவக்காரங்க. நாம இருட்டுல, ஹெல்மெட் போட்டவனை, ரெண்டு செகண்ட் பாத்துட்டு... இதுல கையில ஆயுதம் இருந்தா கண்ணு அது மேலதான் போகும், முகத்துக்குப் போகாது. அரிவாளோட பிடி என்ன நிறம்னு சொல்ற சாட்சி, வெட்டினவனுக்கு மீசை இருந்துச்சான்னு கேட்டா முழிப்பாரு.

ஒருத்தர் தப்பா சொல்லலாம். பத்து பேர் ஒரே ஆளைக் காட்டினா?
– எஸ். ஜே., தூத்துக்குடி

பத்துக்கு மேலயே காட்டியிருக்காங்க. லண்டன்ல 1895ல அடால்ஃப் பெக்னு ஒருத்தரை ரோட்டுல ஒரு பெண் மறிச்சு, என்னை ஏமாத்தி வாட்ச் எல்லாம் வாங்கிட்டுப் போனது இவன்தான்னு சொன்னாங்க. அதே மாதிரி ஏமாந்த பெண்கள் வரிசையா வந்து இவர்தான் இவர்தான்னு கை காட்டினாங்க. போதாக்குறைக்கு 1877ல ஜான் ஸ்மித்ங்கிற பேர்ல இதே மோசடிக்குத் தண்டனை வாங்கினவனும் இவர்தான்னு அப்ப அவனைப் புடிச்ச போலீஸ்காரரே சத்தியம் பண்ணாரு. 1877ல பெக் இருந்தது பெரு நாட்டுல! ஏழு வருஷ தண்டனை. அந்த ஸ்மித்துக்கு சுன்னத் பண்ணியிருக்கு, பெக்குக்கு இல்லங்கிறது 1898லயே அரசாங்கத்துக்குத் தெரிஞ்சும் விடல. 1901ல வெளிய வந்தவரை 1904ல மறுபடியும் வேற பெண்கள் அடையாளம் காட்டி மறுபடியும் குற்றவாளின்னு தீர்ப்பு, நல்லவேளை அந்தச் சமயத்துல உண்மையான ஆள் அதே வேலையைப் பண்ணி மாட்டினான், இவரு தப்பிச்சாரு. இங்கிலாந்துல 1907ல கிரிமினல் அப்பீலுக்குன்னு தனி கோர்ட் வந்ததுக்கு இந்த வழக்கு ஒரு பெரிய காரணம்.

பத்து பேர் தனித்தனியா, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம, சரியான முறையில காட்டினா எடை உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம ஊர்ல சம்பவம் முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். டீக்கடையில கூட்டம் கூடும், "செவப்பு சட்டை"ன்னு ஒருத்தர் சொல்வாரு, "ஆமாங்க செவப்பு"ன்னு இன்னொருத்தர், சாயங்காலத்துக்குள்ள அத்தனை பேருக்கும் செவப்பு சட்டைதான். 2003ல வெளிவந்த ஒரு ஆய்வுல, ஒரே சம்பவத்தை வேற வேற கோணத்துல படம் புடிச்சு ரெண்டு ரெண்டு பேருக்குக் காட்டி, அப்புறம் அவங்களைப் பேசிக்க விட்டாங்க. பேசிக்கிட்டவங்கள்ல 71 சதவீதம் பேர், தான் பாக்கவே முடியாத, பக்கத்துல இருந்தவர் சொன்ன விஷயத்தைத் தானே பாத்ததா எழுதினாங்க. அதனால நீங்க எதுக்காவது சாட்சின்னா, மத்தவங்களோட பேசுறதுக்கு முன்னாடி பாத்ததை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க.

எண்ணிக்கைன்னு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். இத்தனை சாட்சி வேணும்னு நம்ம சட்டத்துல கணக்கே கிடையாது. 1957ல நம்ம தஞ்சாவூர் பக்கத்து வழக்கு ஒண்ணு, வடிவேலு தேவர் வழக்கு, அதுலதான் நம்பத்தகுந்த சாட்சி ஒருத்தர் இருந்தாலே போதும், தலையை எண்ணாதே, தரத்தைப் பாருன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. இன்னிக்கும் எல்லா கோர்ட்லயும் அதை எடுத்துக் காட்டுவாங்க.

சார், நான் சட்டம் நாலாம் வருஷம். கோர்ட்ல அடையாளம் காட்டுறதுதான் நேரடி ஆதாரம், அணிவகுப்பு வெறும் துணை ஆதாரம்னு க்ளாஸ்ல சொன்னாங்க. நீங்க எழுதினது அதுக்கு நேர்மாறா இருக்கே?
– பி. என்., திருநெல்வேலி

உங்க ஆசிரியர் சொன்னது சரி, பரீட்சையில அதையே எழுதுங்க. 1970ல புத்சேன் வழக்கு, 2003ல மல்கான் சிங் வழக்கு, எல்லாத்துலயும் சுப்ரீம் கோர்ட் சொன்னது அதான். பழைய சாட்சியச் சட்டத்துல 9வது பிரிவு, இப்ப பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்துல 7வது பிரிவு. அணிவகுப்பு நடத்தாட்டியும் கோர்ட்ல காட்டினது நம்புற மாதிரி இருந்தா தண்டனை குடுக்கலாம். இதுதான் சட்டம்.

ஆனா தம்பி, நீங்க ஒருநாள் செஷன்ஸ் கோர்ட்ல போய் உக்காந்து பாருங்க. சம்பவம் நடந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். சாட்சி கூண்டுல ஏறுவாரு. பின்னாடி எதிரிக் கூண்டுல (கோர்ட் பாஷையில குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி'ன்னுதான் சொல்வோம்) ஒரே ஒரு ஆள் நிப்பாரு, ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்திருந்தா பக்கத்துலயே ஒரு கான்ஸ்டபிள் ஒட்டி நிப்பாரு. மத்த எல்லாரும் கறுப்பு கோட்டு, இல்ல காக்கி. அரசு வக்கீல் "சம்பவத்தன்னிக்கு நீங்க பாத்த நபர் இங்க இருக்காரா?"ன்னு கேப்பாரு. சாட்சி ஒரு தடவை ஹாலைச் சுத்திப் பாப்பாரு, நேரா அந்தக் கூண்டுக்குத்தான் கை போகும். எங்க தாத்தாவைக் கூட்டிட்டு வந்து கேட்டாலும் அவரும் அந்த ஆளைத்தான் காட்டுவாரு. "ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்"னு டைப் ஆகிடும். இதுக்குப் பேரு நேரடி ஆதாரம். சம்பவம் நடந்த சில நாள்ல, பத்து பேருக்கு நடுவுல, மாஜிஸ்திரேட் முன்னாடி, தேடிக் கண்டுபுடிச்சது துணை ஆதாரம். எனக்கு இது தலைகீழாத்தான் படுது, 25 வருஷம் ப்ராக்டிஸ் பண்ணியும் மனசு ஒப்பல.

ஏன்னா ஒரு முகத்தோட ஞாபகத்தை ஒரே ஒரு தடவைதான் சுத்தமா சோதிக்க முடியும். ரெண்டாவது தடவை சோதிக்கும்போது முதல் சோதனையில பாத்த முகமும் உள்ள கலந்துடும். கேரி வெல்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1998ல என்ன பண்ணாருன்னா, ஒரு ஆளோட வீடியோவைக் காட்டிட்டு, அந்த ஆள் இல்லாத போட்டோ வரிசையைக் குடுத்து எடுக்கச் சொன்னாரு. எல்லாரும் யாரையோ ஒருத்தரை எடுத்தாங்க, எல்லாருமே தப்பு. அதுல கொஞ்சம் பேருக்கு மட்டும் "சபாஷ், சரியான ஆளை எடுத்தீங்க"ன்னு சொன்னாரு. அப்புறம் கேட்டா, பாராட்டு வாங்கினவங்க "எனக்கு அப்பவே உறுதியா தெரியும், முகம் தெளிவா தெரிஞ்சுது, நல்லா கவனிச்சேன்"னு மத்தவங்களைவிட அடிச்சுச் சொன்னாங்க. ஒரே ஒரு வார்த்தை, பாத்த விதமே மாறிப்போச்சு. நம்ம சாட்சிக்கு அந்த "சபாஷ்" எத்தனை தடவை கிடைச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவரு காட்டின ஆள் அரெஸ்ட் ஆகி பேப்பர்ல போட்டோ வந்து குற்றப்பத்திரிகை போட்டு கோர்ட் வரைக்கும் வந்துட்டானே, அதைவிடப் பெரிய சபாஷ் என்ன வேணும்?

சுப்ரீம் கோர்ட்டும் கண்ணை மூடிக்கிட்டு இல்ல. 1999ல ஒரு மகாராஷ்டிரா வழக்குல எதிரிக்குத் தாடி, நீளமான முடி, ஆனா அணிவகுப்பு வரிசையில தாடி முடியோட வேற ஒருத்தர் கூட இல்ல, அதை நம்பமுடியாதுன்னுட்டாங்க. 2000ல திருவனந்தபுரத்துல மாணவர் போராட்டம் கலவரமாகி ஒரு பஸ் கண்டக்டர் இறந்துபோனாரு, அந்த வழக்குல அணிவகுப்புக்கு முன்னாடியே எதிரிகளைப் பாக்க சாட்சிகளுக்கு வாய்ப்பு இருந்திருக்குன்னு சொல்லி 2022ல விடுதலை பண்ணாங்க. 22 வருஷம் கழிச்சு. இறந்தவர் குடும்பத்துக்கும் நியாயம் இல்ல, அலைஞ்சவங்களுக்கும் இல்ல.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க பாத்தீங்களா!
– டி. கே., காரைக்குடி

சொன்னாங்க. தீர விசாரிக்கிறதுன்னா எப்படின்னு அவங்க சொல்லல, அதுக்குத்தான் நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கு.

இப்பதான் தெருவுக்குத் தெரு சிசிடிவி இருக்கே, இனிமே எதுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம்?
– எல். ஆர்., திருப்பூர்

சிசிடிவி பெரிய உதவி, வண்டி நம்பர், நேரம், எந்தப் பக்கம் போனாங்கங்கிறதுக்கு. முகம்னு வந்தா ஜாக்கிரதை. தெரிஞ்ச முகத்தை மங்கலான படத்துலகூட கண்டுபுடிச்சிடுவோம், உங்க மச்சான் நடக்குற நடையை வச்சே சொல்லிடுவீங்க. தெரியாத முகம்னா நிலைமையே வேற. 2011ல இங்கிலாந்துல 40 போட்டோவைக் குடுத்து, ஆள் வாரியா பிரிச்சு அடுக்குங்கன்னு சொன்னாங்க. அதுல இருந்தது ரெண்டே பேர், நெதர்லாந்துல பிரபலமானவங்க, இங்கிலாந்துல யாருக்கும் தெரியாது. இங்கிலாந்துக்காரங்க சராசரியா ஏழெட்டு பேர் இருக்காங்கன்னு அடுக்கினாங்க. அதே கட்டை நெதர்லாந்துக்காரங்க கிட்ட குடுத்தா பெரும்பாலானவங்க சரியா ரெண்டுன்னு பிரிச்சுட்டாங்க. இதுல ஞாபகமே தேவையில்ல, படம் எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கு, அப்பவும் இந்த லட்சணம்.

அதனால பக்கத்து வீட்டுக்காரன் வெட்டினதைப் பாத்தேன்னு ஒரு சாட்சி சொன்னா அதுல இந்தப் பிரச்சினை கிடையாது, அங்க அணிவகுப்பும் வேண்டியதில்ல. நம்ம ஊர் கொலை கேஸ்ல நிறைய அந்த வகைதான், அங்க பாக்க வேண்டியது முன்விரோதத்துல பேரைச் சேத்து விட்டிருக்காங்களாங்கிறதை. நான் இவ்வளவு நேரம் பேசுறது முன்னப்பின்ன தெரியாத ஆளைக் காட்டுற கேஸ்.

நான் ரிட்டயர்டு ஏட்டு. நீங்க சொல்றபடி பாத்தா ஒரு வழிப்பறிக்காரனுக்கும் தண்டனை வாங்கித் தர முடியாது. ஸ்டேஷன்ல இருக்கிற ஆள் பற்றாக்குறை தெரியுமா உங்களுக்கு?
– விழுப்புரம் வாசகர்

ஏட்டய்யா, கஷ்டம் தெரியும். ஆனா நான் சொல்றது போலீஸுக்கு எதிரானது இல்ல, நிறைய கேஸ் கோர்ட்ல விழுறதே இந்த ஓட்டையாலதான். தப்பான ஆள் உள்ள போனா சரியான ஆள் வெளிய சுத்துறான், காட்டன் உள்ள இருந்தப்ப பூல் வேற பெண்களைத் தாக்கியிருக்கான்.

காட்டன் கேஸ் நடந்த அதே வட கரோலினாவுல 2007ல சட்டமே போட்டாங்க. அடையாள வரிசை நடத்துறவருக்கு யாரு சந்தேக நபர்னே தெரியக்கூடாது, அவரை அறியாம முகத்துலயோ குரல்லயோ காட்டிக் குடுத்துடுவாருங்கிறதால. "குற்றவாளி இதுல இருக்கலாம், இல்லாமலும் போகலாம்"னு சாட்சி கிட்ட முன்னாடியே சொல்லணும். சந்தேக நபரோட குறைஞ்சது அஞ்சு பேராவது வேற ஆட்கள் இருக்கணும். காட்டின அந்த நிமிஷமே எவ்வளவு உறுதின்னு சாட்சியோட சொந்த வார்த்தையில எழுதிக்கணும். இதுல எதுக்கு ஆள் பலம் வேணும், சொல்லுங்க? கேஸ்ல சம்பந்தமில்லாத வேற ஸ்டேஷன் ஆள் ஒருத்தர் வந்து போட்டோ காட்டினா போதும்.

கடைசியா சொன்ன உறுதி விஷயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. முறையா நடத்தின முதல் சோதனையில சாட்சி உடனே, தயங்காம, "இவன்தான்"னு சொன்னா அது பெரும்பாலும் சரியா இருக்குன்னு இதே கேரி வெல்ஸும் ஜான் விக்ஸ்டெட்னு இன்னொரு ஆய்வாளரும் 2017ல பழைய ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினாங்க. அதாவது சாட்சியை நம்பவே கூடாதுன்னு யாரும் சொல்லல, முதல் நாள் சொன்னதை நம்பு, அன்னிக்குத் தடுமாறினா அந்தத் தடுமாற்றத்தையும் நம்பு. ஈரோட்டு அம்மா சொன்ன "மாதிரிதான் இருக்கு"ங்கிற வார்த்தையை அப்படியே எழுதியிருந்தா கோர்ட்டுக்கு எவ்வளவு உதவியா இருக்கும். நம்ம ஸ்டேட்மென்ட்ல அது "அடையாளம் காட்டினார்"னு ஆகிடுது.

இன்னொண்ணு. அடையாளம் காட்டுறவர் மாற்றுத்திறனாளியா இருந்தா அந்த நடைமுறையை வீடியோ எடுக்கணும்னு நம்ம சட்டத்துலயே இருக்கு, பி.என்.எஸ்.எஸ்., அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதுச் சட்டம், அதுல 54வது பிரிவு. அவங்களுக்கு எடுக்கலாம்னா எல்லாருக்கும் எடுக்கலாமே. எல்லார் கையிலயும் போன் இருக்கு.

எதிரி அணிவகுப்புக்கு வரமாட்டேன்னு சொல்லலாமா?
– ஜி. எஸ்., கடலூர்

முடியாது. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துற மாதிரி ஆகாதான்னு இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. வரிசையில நிக்கிறது சாட்சியம் சொல்றது ஆகாதுன்னு 2023ல முகேஷ் சிங் வழக்குல சொல்லிட்டாங்க. மறுத்தா அதையே அவருக்கு எதிரா எடுத்துக்கலாம். "என்னை ஸ்டேஷன்லயே சாட்சிக்குக் காட்டிட்டாங்க"ன்னு இருந்தா, வரமாட்டேன்னு சொல்றதைவிட போய் நின்னு, அதை மாஜிஸ்திரேட் கிட்ட சொல்லி எழுத வைக்கிறதுதான் நல்லது.

தப்பா அடையாளம் காட்டி ஜெயிலுக்குப் போனவருக்கு நஷ்டஈடு உண்டா?
– எம். ஏ., ஆம்பூர்

காட்டனுக்கு அந்த மாநில அரசு சுமார் 1,10,000 டாலர் குடுத்துச்சு. பெக்குக்கு அந்தக் காலத்துலயே 5,000 பவுண்டு. நம்ம நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2018ல தன்னோட 277வது அறிக்கையில ஒரு சட்டம் கொண்டுவாங்கன்னு எழுதிக் குடுத்துச்சு, வரல. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்டுக்கு ரிட் போட்டு வாங்கலாம், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு அப்படித்தான் 2018ல 50 லட்சம் கிடைச்சது, அவரு கேஸ் வேற வகை, 24 வருஷம் போராடினாரு. சாதாரண ஆளுக்குக் கையில இருக்கிறது பி.என்.எஸ்.எஸ். 399வது பிரிவு. போதுமான காரணம் இல்லாம கைது பண்ண வச்சாங்கன்னு மாஜிஸ்திரேட் நினைச்சா நஷ்டஈடு போடலாம், அதிகபட்சம் 1,000 ரூபாய், அதுவும் அரசாங்கம் தராது, கைது பண்ண வச்சவர் கட்டணும்.